விமானி அறையின் மடக்கு இருக்கையில் (ஜம்ப்சீட்) இருந்தபோது பார்த்ததைச் சொல்லாமல் விட்டேன். செய்தது சரியா?

வானிலைத்தாள் எழுதியது:

வணக்கம். நான் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் டிஸ்பாட்சர், அதாவது ஒவ்வொரு பயணத்துக்கும் திட்டத்தாள் தயாரிப்பவள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எரிபொருள் கணக்கு, வானிலை, மாற்று விமான நிலையம், நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்புகள்) என்று எல்லாமே மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை. நாங்கள் தயாரிக்கும் தாளை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஆண்டுக்குச் சில மணி நேரம் விமானி அறையிலேயே உட்கார்ந்து வர வேண்டும். அமெரிக்க விதிப்படி 12 மாதத்துக்கு 5 மணி நேரம். எங்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

போன வாரம் என் முதல் பயணம். ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம், பழைய 500 ரகம். ஜம்ப்சீட் ஓரமாக மடிந்திருக்கும். அதை இழுத்து விரித்தால் விமானிகளுக்குப் பின்னால் உள்ள குறுகிய வழி அடைபட்டுவிடும். உட்கார்ந்து பட்டைகளை மாட்டிக்கொண்டால் இரண்டு பேருடைய தோளும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும். ஏடிஆரில் தரையில் மின்சாரத்துக்கென்று வால் பக்கத்தில் தனி இயந்திரம் கிடையாது. வலது இயந்திரத்தை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள். ஹோட்டல் மோடு என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த பிரேக்கை விட்டதும் ஒரு நடுக்கம் இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறியது பாருங்கள், அப்போதுதான் எனக்கு அந்தப் பாடம் புரிந்தது.

மேலே ஏறும்போது மேகத்துக்குள் போனோம். கேப்டனின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே விரல் அளவுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. பனி ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்காகவே வைத்தது. கேப்டன் கையைக் காட்டி, "பாரும்மா" என்றார். அதன் முன்விளிம்பில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. தாளில் தினமும் ‘மிதமான உறைபனி’ என்று இரண்டு சொல் எழுதுகிறேன். அந்த இரண்டு சொல்லை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

என் கேள்வி, இறங்கும்போது நடந்ததைப் பற்றியது.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டோம். தரையிலிருந்து வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர் இன்னும் இறங்கச் சொல்லி, க்யூஎன்எச் (உயரமானியில் வைக்க வேண்டிய உள்ளூர்க் காற்றழுத்தம்) 1003 என்று கொடுத்தார். துணை விமானி அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார். கேப்டன் தன் உயரமானியில் திருகி வைத்தார். துணை விமானியின் கையும் குமிழுக்குப் போனது. அந்த நொடியில் அலைவரிசையை மாற்றச் சொல்லி அடுத்த அழைப்பு வந்தது. கை குமிழை விட்டு ரேடியோவுக்குப் போனது. அதோடு சரி, திரும்பி வரவில்லை. அவருடைய உயரமானியில் இருக்கும் சின்னக் கட்டத்தில், உயரத்தில் பறக்கும்போது எல்லோரும் வைக்கும் பொது எண்ணான 1013 அப்படியே நின்றது.

அந்த நிலையத்தின் அழுத்தம் காலையிலிருந்தே தாழ்ந்திருந்ததை மேசையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என் கண் அங்கே போனதற்கு அதுதான் காரணம். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு (அழுத்தத்தின் அலகு) 27, 28 அடி என்று வைத்தால் பத்துக்கு 280 அடி வரும். அதாவது அவருடைய ஊசி காட்டுவதைவிட விமானம் 280 அடி கீழே இருக்கிறது.

நான் பேசவில்லை. கதவு மூடும் முன்பே கேப்டன் சொல்லியிருந்தார்: "பத்தாயிரத்துக்குக் கீழே பேச்சு வேண்டாம்மா." அதுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் விருந்தாளி, எட்டு மாதம் வேலை பார்த்தவள், விமானம் ஓட்டத் தெரியாதவள். வாயைத் திறந்தேன், மூடினேன். ஒரு நிமிடம் இருக்கும். செக்லிஸ்ட்டில் ஆல்டிமீட்டர் (உயரமானி) என்று வந்தது. துணை விமானி பார்த்தார், உடனே திருகி 1003-க்குக் கொண்டுவந்தார். விமானத்தைக் கையில் வைத்திருந்தவர் கேப்டன். அவர் பக்கம் எண் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. நல்லபடியாக இறங்கினோம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அந்த ஒரு நிமிடம் என்னை விடவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்வதென்றால் அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? இன்னும் பத்து நாளில் அடுத்த பயணம்.


வலதுஇருக்கை எழுதியது:

நான் டர்போபிராப்பில் (ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானம்) ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. நீங்கள் செய்ததில் தப்பில்லை என்பேன். செக்லிஸ்ட் எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை அது செய்துவிட்டது. இரண்டு உயரமானியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதில் ஒரு வரி. அந்த வரி வந்தது, தப்பு பிடிபட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருமுறை பயிற்சியிலிருந்த ஒருவர் எங்கள் ஜம்ப்சீட்டில் வந்தார். நல்ல ஆர்வம். இறங்கும்போது ஏதோ ஒரு விளக்கைக் காட்டி, அது ஏன் எரிகிறது என்று கேட்டார். எரிய வேண்டிய விளக்குதான் அது. ஆனால் அவர் கேட்ட அதே நேரத்தில் கட்டுப்பாட்டாளர் எங்களுக்குத் திசை கொடுத்திருக்கிறார். எங்கள் இருவர் காதிலும் அது விழவில்லை. மறுபடி கேட்டு வாங்கினோம். அதற்குள் ஆறேழு நொடி போய்விட்டது. பக்கத்தில் வேறு விமானம் இருந்திருந்தால் அந்த ஆறேழு நொடி பெரிது. அதனால் பின்னால் இருப்பவர் வாயைத் திறக்கத் தயங்குவது எனக்கு நல்ல குணமாகவே படுகிறது.


பழையஏடிஆர் எழுதியது:

வலதுஇருக்கை சொன்ன அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் முடிவில் அவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பிராந்திய விமானங்களிலேயே என் காலம் போனது. ஏடிஆரில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். ஓய்வு பெற்று மூன்று ஆண்டு ஆகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்தப் பத்தாயிரம் அடி விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1974 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவில் சார்லட் விமான நிலையத்துக்கு மூடுபனியில் இறங்கிக்கொண்டிருந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிசி-9 ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. இறங்கும் வழியெல்லாம் விமானிகள் இருவரும் வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களைப் பேசிக்கொண்டு வந்தது குரல் பதிவில் இருந்தது. உயரத்தைப் பற்றிய கவனம் அவர்களுக்கு இல்லாமல் போனதுதான் காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் 1981-ல் அங்கே ‘ஸ்டெரைல் காக்பிட்’ விதி வந்தது. அது தடுப்பது, பாதுகாப்பாகப் பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சையும் வேலையையும்.

இப்போது யோசித்துப் பாருங்கள் அம்மா. உயரத்தைக் கவனிக்காமல் போய் ஆட்கள் செத்ததால் வந்த விதி அது. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு, உயரமானி தப்பாக இருப்பதை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். குறை அந்த அறிவுறுத்தலில் இருக்கிறது. "பேச்சு வேண்டாம்" என்று பாதியைச் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? நானும் பல ஆண்டுகள் அப்படிப் பாதியைச் சொன்னவன்தான். அப்புறம் மாற்றிக்கொண்டேன்.

மாறியதற்குக் காரணம் உண்டு. நான் வலது பக்கம் இருந்த காலம். இரவு நேரம், நல்ல மழை. பராமரிப்புப் பிரிவு எஞ்சினியர் ஒருவர் ஜம்ப்சீட்டில் வந்தார். ஓடுபாதையை நோக்கித் தரையில் ஊர்ந்து போகும்போது (டாக்ஸி) ஓடுபாதையை மாற்றிவிட்டார்கள். நான் செக்லிஸ்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு, புதிய ஓடுபாதைக்கான எண்களைப் போட ஆரம்பித்தேன். போட்டு முடித்து, செக்லிஸ்ட்டை எடுத்தபோது ஒரு வரி தள்ளி ஆரம்பித்திருக்கிறேன். ஃப்ளாப் (இறக்கையின் பின்னால் இறக்கிவிடும் தகடு) பூஜ்யத்திலேயே இருக்கிறது. எங்களுக்குப் புறப்பட 15 டிகிரி வேண்டும். பின்னாலிருந்து அந்த எஞ்சினியர் ஒரே ஒரு சொல் சொன்னார்: "ஃப்ளாப்." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கேப்டன் லீவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் 15 போட்டேன். ஓடுபாதை வரை அப்படியே போயிருந்தால் எச்சரிக்கை மணி அடித்திருக்கும்தான். ஆனால் மணி அடிக்கும் என்று நம்பி யாரும் ஃப்ளாப்பை விட்டுவைப்பதில்லையே. அந்தச் சொல்லும் அவர் அதைச் சொன்ன விதமும் இன்றும் என் காதில் இருக்கிறது. "சார், மன்னிக்கணும், எனக்கு ஒரு சந்தேகம்" என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. அப்படி ஆரம்பித்திருந்தால், வேலையில் இருக்கும் எங்களுக்கு அந்த முதல் ஐந்து சொல்லும் வெறும் இடைஞ்சல்.

நீங்கள் பார்த்ததும் அதே வகைத் தப்பு. ஒரு வேலை பாதியில், நடுவில் ஒரு அழைப்பு, கை வேறு இடத்துக்குப் போகிறது. செய்துவிட்டதாக மனம் எழுதிக்கொள்கிறது. திறமைக் குறைவால் வருவதில்லை இது, யாருக்கும் வரும். முன்னால் இருக்கும் இருவருக்கும் கையில் வேலை இருக்கும்போது, கையில் வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2018 அக்டோபர் 28 இரவு, இந்தோனேசியாவின் லயன் ஏர் நிறுவனத்தின் 737 மேக்ஸ் ஒன்று டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. ஏறியதிலிருந்தே மூக்கு தானாகக் கீழே கீழே போனது. அன்று ஜம்ப்சீட்டில் பணியில் இல்லாத விமானி ஒருவர் இருந்தார். முன்னால் இருவரும் விமானத்தோடு மல்லுக்கட்ட, மூன்றாவது ஆளும் சேர்ந்து என்ன நடக்கிறது என்று பார்த்தார். மூக்கைத் தானாக இறக்கிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்த, ஸ்டேபிலைசர் டிரிம் ஸ்விட்சுகளை கட்-அவுட்டில் போட்டு ஜகார்த்தா வரை கொண்டுவந்து இறக்கினார்கள். மறுநாள் காலை அதே விமானம் வேறு இரு விமானிகளோடு புறப்பட்டுக் கடலில் விழுந்தது. 189 பேர் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் இருந்ததால் மட்டுமே முதல் நாள் தப்பித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல, விமானத்தின் வடிவமைப்பே அதில் முதன்மையானது. ஆனாலும் கை ஓய்வாக இருக்கிற இன்னொரு ஜோடிக் கண்ணுக்கு என்ன மதிப்பு என்று அதைப் படித்தபோது ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். பொருளையும் எண்ணையும் சொல்லுங்கள். "வலது ஆல்டிமீட்டர், 1013." அவ்வளவு போதும். ஆளின் தப்பு என்று சொல்ல வேண்டாம், ஏன் என்று கேட்க வேண்டாம், விளக்கவும் வேண்டாம். உங்களுக்கும் ஹெட்செட் கொடுத்திருப்பார்கள். கட்டுப்பாட்டாளர் பேசும்போது வாய் திறக்காதீர்கள், அவர் முடித்து இவர்கள் திருப்பிச் சொன்ன பிறகு சொல்லுங்கள். வலதுஇருக்கைக்கு நடந்தது அப்போது நடக்காது. நீங்கள் நினைத்தது தப்பாக இருந்தால், அவர் பார்த்துவிட்டு "செட்" என்பார். ஒரு நொடிதான் செலவு. எரிகிற விளக்கு ஏன் எரிகிறது என்பது மாதிரிக் கேள்விகளைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு, இயந்திரங்களை நிறுத்திய பிறகு கேளுங்கள்.


வானிலைத்தாள் எழுதியது:

சார், இதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு சந்தேகம். கேப்டனே அதை விரும்பாதவராக இருந்தால்?


பழையஏடிஆர் எழுதியது:

விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் கதவு மூடும் முன்பே கேட்டுவிட வேண்டும். "நான் எதையாவது பார்த்தால் சொல்லட்டுமா சார், எப்படிச் சொன்னால் உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று நேருக்கு நேர் சொன்ன கேப்டனை நான் இதுவரை சந்தித்ததில்லை. கேட்ட பிறகு அவருக்கும் நீங்கள் பின்னால் இருப்பது நினைவில் இருக்கும்.


கேபின்கதவு எழுதியது:

நான் கேபின் க்ரூ. ஏடிஆரில்தான் வேலை. உயரமானி விஷயத்தில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜம்ப்சீட்டில் வருபவர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று இருக்கிறது.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த இருக்கை வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று. அப்படியென்றால் புகை வந்தாலோ தரையில் ஏதாவது நடந்தாலோ விமானிகள் அந்தப் பக்கமாக வெளியே வர வேண்டுமானால், முதலில் நீங்கள் பட்டையைக் கழற்றி, எழுந்து, இருக்கையை மடிக்க வேண்டும். தலைக்கு மேலே தப்பிக்கும் வழி ஒன்றும் அதற்கான கயிறும் உண்டு. அடுத்த முறை உட்காரும் முன் இருட்டில் செய்வதாக நினைத்துக்கொண்டு, பட்டையைக் கழற்றி இருக்கையை மடிப்பதை மூன்று முறை செய்து பாருங்கள். ஆக்ஸிஜன் முகமூடியை வெளியே எடுத்து முகத்தில் வைப்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாகக் காட்டிக்கொடுப்பார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 22 அன்று, அமெரிக்காவின் ஹொரைசன் ஏர் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 175 விமானத்தில் ஜம்ப்சீட்டில் வந்த, பணியில் இல்லாத விமானி ஒருவர் இயந்திரத் தீயணைப்புக் கைப்பிடிகளைப் பிடித்து இழுக்கப் போனார். விமானிகள் இருவரும் அவரைத் தடுத்து, விமானத்தைப் போர்ட்லாந்தில் இறக்கினார்கள். அன்றிலிருந்து பின்னால் ஒரு கை அசைந்தால் முன்னால் இருப்பவர் கண் தானாகத் திரும்புகிறது என்று எங்கள் விமானிகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள். சுட்டிக்காட்டக்கூடக் கையைக் கருவிப் பலகை பக்கம் நீட்ட வேண்டாம்.


வலதுஇருக்கை எழுதியது:

பழையஏடிஆர் சார் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஃப்ளாப் கதையில் வலது பக்கம் இருந்த ஆளாக என்னை வைத்துப் பார்த்தேன். பின்னால் இருப்பவர் தெரிந்தும் சொல்லாமல் இருந்தார் என்று பிறகு தெரிந்தால், எனக்கு அவர் மேல்தான் வருத்தம் வரும். நேரம் பார்த்துப் பேச வேண்டும் என்பதை மட்டும் நான் விடமாட்டேன். ஆயிரம் அடிக்குக் கீழே வந்த பிறகு, விமானத்தைக் காப்பாற்றுகிற விஷயமாக இருந்தால் ஒழிய ஒரு சொல்லும் வேண்டாம்.

வானிலைத்தாள், அந்தத் துணை விமானியிடம் நீங்கள் பேசினீர்களா? பேசியிருக்காவிட்டால் பேசுங்கள். அவருக்கு அது உதவும்.


வானிலைத்தாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது பயணம் நேற்று முடிந்தது, அதனால் திரும்ப வந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துணை விமானி. வலதுஇருக்கை சொன்ன மறுநாளே அவரிடம் பேசினேன். குரல் கொஞ்சம் நடுங்கியது எனக்கு. நான் பார்த்ததையும் சொல்லாமல் விட்டதையும் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு நேரம் 1013-ல இருந்துச்சு?" என்று கேட்டார். ஒரு நிமிடம் இருக்கும் என்றேன். "எனக்கு அது தெரியாது. பத்து நொடின்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார். பயணம் நடந்த அன்று இரவே அவர் தானாகப் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிக்கை எழுதியிருக்கிறார். அதில் பத்து நொடி என்றுதான் போட்டிருக்கிறாராம். நான் பார்த்ததையும் எழுதிச் சேர்க்க முடியுமா என்று கேட்டார்.

நேற்றைய பயணத்தில் வேறு கேப்டன். கதவு மூடும் முன்பே கேட்டேன். "தாராளமா சொல்லும்மா. பொருள் பேரு, எண்ணு, அவ்வளவுதான்" என்றார். பழையஏடிஆர் சார் எழுதியதைப் படித்தவர் மாதிரியே சொன்னார். இருக்கையை மூன்று முறை மடித்து விரித்தேன். இரண்டாவது முறை கொக்கி ஒன்று மாட்டிக்கொண்டது, எப்படி விடுவிப்பது என்று துணை விமானி காட்டினார்.

இறங்கும்போது 998 கொடுத்தார்கள். இருவர் கையும் குமிழுக்குப் போனது. பேச்சு நடுவில் வந்தபோதும் வலது கை குமிழை விடவில்லை. கட்டத்தில் 998 வந்து நின்ற பிறகுதான் ரேடியோவுக்குப் போனது. நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மடியில் இருந்த தாளில் 998 என்று எழுதி, பக்கத்தில் இரண்டு டிக் போட்டுக்கொண்டேன்.

அறிக்கைக்கான என் பத்தியை இன்று காலை அனுப்பிவிட்டேன். நான்கு வரி வந்தது. ஒரு நிமிடம் என்று எழுதிய இடத்தில், ‘நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை’ என்றும் எழுதியிருக்கிறேன்.